குரல் நாண்கள் இயல்பு

காது மூக்கு தொண்டைப் பிரிவில் எல்லாத் துளைகளும் சிறியவை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும், மற்றவர்கள் பார்த்ததாகச் சொல்லலாம். இதைப் படிக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர்கள்தானே நாமெல்லாம். அந்தமானில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடத்தில் எனக்கு அந்தப் பிரிவில் கிடைத்தது இரண்டே வாரம்.

ஆறு பேர், ஒரு காது

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். செவிப்பறையில் ஓட்டை. யூனிட் தலைவர் பார்த்துவிட்டு எங்களைப் பார்க்கச் சொன்னார். ஆளுக்குப் பத்து விநாடி. முதலில் நின்றவன் "தெரியுது சார்" என்றான். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்தது கொஞ்சம் அழுக்கும் ஒரு முடியும்தான். "தெரியுது சார்" என்றேன். பின்னால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நிற்பவர்களை நிறுத்திவைத்து, தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்கள் பேட்ச்சில் அது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆறு பேரு பார்த்தீங்கதானே. உள்ளுக்கு என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே."

ரேவதியின் தொண்டை

தொண்டைக்குள் பார்க்கும் கேமரா பழுதுபார்க்க மெயின்லேண்ட் போயிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பழைய முறைதான்: நீண்ட காம்பில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. ஆவி படியாமலிருக்க அதை வெந்நீரில் காட்டி, சூடு அதிகமா என்று நம் புறங்கையில் வைத்துப் பார்த்து, நோயாளியின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, "ஈ" சொல்ல வைத்து, அண்ணத்தின் பின்னால் வைக்க வேண்டும். கை வந்தால் குரல் நாண்கள் இரண்டும் வெள்ளையாகத் தெரியும்.

டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து வரும் என் பேட்ச் ரேவதியும் நானும் ஒருவர் தொண்டையில் ஒருவர் பழகினோம். நாலு நாளில் எனக்கு ஒரே ஒருமுறைதான் தெரிந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடியை எடுத்ததுமே ரேவதி வாயை மூடிக்கொண்டாள்: "போதும்டீ. மத்தியானம் சோறு இறங்கணும் எனக்கு."

ஜஹாஜ் மூணு மணிக்கு

சாகுல் பாய் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருந்தது. கடைக்கு வரும் சர்தார்ஜிகளிடம் பஞ்சாபி, நிக்கோபாரிகளிடம் அவர்கள் பாஷை, மற்றவர்களிடம் ஹிந்தி, வீட்டில் தமிழ் என்று பேசிப் பிழைப்பவர். குரல்தான் அவருடைய கடையின் பாதி. தலைவர் இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். "நீ பார்த்து எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மூன்று முறை கண்ணாடியை வைத்தேன். இரண்டு முறை அவருக்குக் குமட்டியது. மூன்றாவது முறை நாக்குக்குப் பின்னாலிருக்கும் மூடி மட்டும் தெரிந்தது, நாண்கள் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் அவர் தலைவருக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று மணிக் கப்பல், அவர்கள் சொல்லும் ஜஹாஜ், போய்விடும். அடுத்த கப்பல் என்றைக்கோ. அவருக்காகத்தான் யோசித்தேன் என்று வெகுநாள் என்னையே நம்பவைத்திருந்தேன். உண்மையில், தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 'குரல் நாண்கள் இயல்பு' என்று எழுதினேன். கையெழுத்து விழுந்தது. ஐந்து நாள் மாத்திரை, அதிகம் பேசக் கூடாது.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவருக்கு முகமெல்லாம் நிம்மதி: "இது போதும் டாக்டரம்மா. ஜஹாஜ் மூணு மணிக்கு, பிடிச்சுடுவேன்."

வாய்ப்பு

மூன்று மாதம் கழித்து எனக்கு அவசரப் பிரிவில் வேலை. ஒரு முற்பகலில் சாகுல் பாயை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். மூச்சை இழுக்கும் சத்தம் வாசலிலேயே கேட்டது. குரல்வளையில் கட்டி, மூச்சுப் பாதை கிட்டத்தட்ட அடைத்திருந்தது. உடனே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும். தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். வெட்டிய இடத்தை விரித்துவைக்கும் கொக்கிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சுக்குழாய் திறந்து காற்று உள்ளே போனதை இவ்வளவு அருகில் எங்கள் பேட்ச்சில் வேறு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது.

வெளியே வந்தபோது ரேவதி என் தோளைத் தட்டினாள்: "லக்கிடீ நீ. எங்க யாருக்கும் இந்த சான்ஸ் கிடைக்கலை."

சொன்ன நாள்

சாகுல் பாய் கையோடு கொண்டுவந்திருந்த பழைய சீட்டை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். அன்றைக்கு நான் நாண்களைப் பார்க்கவே இல்லை என்றேன். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்போதே கண்டுபிடித்திருந்தால் கதிர் சிகிச்சையோடு குரலைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கலாம். இனிச் சென்னையில் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும் என்றார். பிறகு எழுந்தார். "கீழே என் கையெழுத்து இருக்கு. நானும் பார்க்கலை. வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்."

சொன்னோம். நான்தான் முதலில் சொன்னேன். அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. சாகுல் பாய் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கழுத்துக் குழாயை விரலால் அடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "தெரியலைன்னு சொல்லியிருந்தா, நான் இன்னொரு தடவை வாயைத் திறந்திருப்பேனே டாக்டரம்மா."

என் பயிற்சி ஏட்டில் அந்த அறுவைக்கு எதிரே 'உதவி செய்தார்' என்று முறையாகக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்கு உதவி என்று கேட்கும் கட்டம் நல்லவேளையாக அதில் இல்லை.