டாக்டர் சொல்லுவார்

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற அந்த அம்மாளுக்குக் கல்லுமூஞ்சி என்று பெயர். வைத்தது, அவளோடு வேலை பார்க்கிற நர்சுகள்தான். அவளுக்கும் தெரியும், கோபப்பட மாட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து திரையில் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டக் கூடாது என்பது அவள் தொழில். முடிந்ததும் உள்ளே போய், "மெதுவா எழுந்திரிங்க. டாக்டர் சொல்லுவார்" என்பாள். கட்டி இருந்தாலும் அதே குரல்தான், வெறும் வாயுத் தொல்லை என்றாலும் அதே குரல்தான்.

வருகிறவர்கள்தான் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய ஜனங்கள். சில குடும்பங்கள், படுத்திருப்பவரிடம் மட்டும் மூச்சுவிட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சும். சில குடும்பங்களில் நோயாளிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், மறைத்தால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். இதை வைத்து நர்சுகள் கேன்டீனில் அடித்துக்கொள்வார்கள். அவரவர் வழக்கம் அவரவருக்கு என்று ஒரு கட்சி, உண்மை எல்லாருக்கும் ஒன்றுதானே என்று ஒரு கட்சி. கல்லுமூஞ்சி டீயை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவளுக்கும் ஒரு கட்சி இருந்தது. அவள் பிறந்த வீடு, சொல்கிற வீடு. அப்பாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒரு நாள் பூராவும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், மறுநாள் எழுந்து, பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். புகுந்த வீடு, சொல்லாத வீடு. மாமியார் அல்சர் என்று நம்பியே போய்ச் சேர்ந்தாள். ஊரே கூடி ஒரு மனுஷியை ஏமாற்றிவிட்டது என்ற ஆத்திரம் கல்லுமூஞ்சிக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவளிடம் புருஷனே வயிற்றுவலி என்று வந்து படுத்தான். "தொப்பைய எக்கு. படுத்தவுடனே குறட்டை விடாத" என்று வீட்டில் மாதிரியே அதட்டிவிட்டுத்தான் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். கணையத்தில் கட்டி இருந்தது. கல்லீரலிலும் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பட்டனை அழுத்தி மிச்சப் படங்களையும் எடுத்தாள்.

வராந்தாவில் அவனுடைய அக்கா ஸ்வெட்டரோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில் குளிர் அதிகம். அவள் கேட்டதும் கல்லுமூஞ்சி ஒளிக்கவில்லை.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. தாங்க மாட்டான்."

"அவர் உடம்பு அண்ணி. அவருக்குத் தெரியணும்."

சொல்லியே தீருவது என்றுதான் உள்ளே போனாள். வாயைத் திறந்தாள்.

"மெதுவா எழுந்திரிங்க. டாக்டர் சொல்லுவார்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவளைக் கூட்டிப்போக வந்த நாட்களில் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ முறை கேட்ட குரல். அவனிடம் அவள் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

"கெட்டதா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "அம்மாவுக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அல்சர் இல்லைன்னு. ஒருநாள் என்கிட்ட சொன்னாங்க. 'எனக்குத் தெரியும்னு உங்க அக்காகிட்ட சொல்லிடாதடா, பாவம், அவ தாங்க மாட்டா'ன்னு." சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்னு நீயும் சொல்லாத."

அவள் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷம் வளர்த்த ஆத்திரத்தை இனி யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வெளியே வந்தாள். அண்ணி ஓடிவந்தாள்.

"சொல்லிட்டியா?"

சொல்கிற வீட்டில் பிறந்தவள், "இல்ல அண்ணி. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

கதவு திறந்தது. அண்ணி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டரை விரித்துப் பிடித்தாள்.

"என்னடா, ஒண்ணுமில்லையாமே" என்று சிரித்தாள்.

"அதான், வெறும் வாயுத் தொல்லை. வீணா பயந்துட்டோம்க்கா" என்று அவனும் சிரித்தபடி கையை நுழைத்தான்.