ஈரத்தில் இழைத்த கதவுகள்

கடை வாசலில் தொங்கும் பலகையில் 'முதிரைக் கதவுகள் மட்டும்' என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு காலையும் அந்த 'மட்டும்' என்ற சொல்லை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பட்டறைக்குள் போவார்.

முதலாளியின் தங்கையைக் கட்டிக்கொண்டவர் என்பதால் முதலாளிக்கு அவர் மாப்பிள்ளை. கேட்டுக் கேட்டுப் பட்டறைக்கே மாப்பிள்ளையாகிவிட்டார். நாற்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரை, ஆனாலும் மாப்பிள்ளை. பத்தொன்பது வருடங்களுக்கு முன், பார்த்த வேலை போய், கைக்குழந்தையோடு வந்து நின்றபோது முதலாளி மச்சான் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறைக்கு மேலே இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார், கையில் இழைப்புளியைக் கொடுத்தார். அந்த அறைகளின் கதவு, கட்டில், துணி அலமாரி எல்லாமே மிச்சம் மீதி முதிரை மரத்தில் செய்தவை.

மச்சானுக்கு அந்த மரத்தின்மேல் தனிப் பைத்தியம். "கரையான் வந்து மோந்து பாக்கும். தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு திரும்பிப் போயிடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். முழுக்கப் பொய்யும் இல்லை. முதிரை இரும்பு மாதிரி கனக்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். நிறம் மங்கிய மஞ்சள். உள்ளே இழைகள் ஒரு வரி இந்தப் பக்கமும் அடுத்த வரி எதிர்ப்பக்கமுமாக ஓடுவதால், மெருகேற்றிய பலகையைச் சாய்த்துப் பார்த்தால் பட்டுத்துணியின் மடிப்பில் வெளிச்சம் நகர்வது போலிருக்கும். அந்த அழகுதான் இழைக்கிறவனுக்கு வினை. எதிர்த்து ஓட்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். எந்த இடத்தில் இழைப்புளியைத் திருப்பவேண்டும் என்பது மாப்பிள்ளையின் விரல்நுனிக்குத்தான் தெரியும்.

அந்த விரல்களுக்குத்தான் முதலில் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் விரலிடுக்கில் சிறு சிறு கொப்புளங்கள். பிறகு மணிக்கட்டு, முழங்கை, கழுத்து. தோல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "முதிரைத் தூள் சிலபேருக்கு ஒத்துக்காது. இத்தனை வருஷம் ஒத்துக்கிட்டதே பெரிசு. அந்த மரத்தை விட்டுடுங்க, சரியாயிடும்."

என்னவோ வெற்றிலையை விடச் சொல்வது போலச் சொல்லிவிட்டார். முதிரையை விட்டால் படுக்கக் கட்டில்கூட இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை முழுக்கைச் சட்டைக்கு மாறினார். மணிக்கட்டு வரை பொத்தான்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்கும் பொண்ணு பாக்கப் போற சட்டையா?" என்பார் பலகை அறுத்துக் கொடுக்கும் ரம்பக்காரர்.

"தினம் போயிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தியும் சம்மதிக்க மாட்டேங்குறா."

துவைக்கிறவளுக்கு மட்டும் தெரியும். சட்டைக் கைகளின் உட்புறத்தில் பழுப்புத் திட்டுகளைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: "அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"சொன்னா என்ன செய்வார்? மேஜைல உக்கார வச்சுச் சும்மா சோறு போடுவார். ஒருதடவை சும்மா வந்து நின்னவன் நான். இன்னொரு தடவை முடியாது."

"அதுக்காகச் சொறிஞ்சே சாகப் போறீங்களா?"

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னறையில் தனியாக இருக்கும்போது பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இழைத்தார். தூள் பறக்காமல் மாவு போலக் காலடியில் விழுந்தது. அரிப்பு பாதியாகக் குறைந்தது. எட்டு மாதம் நிழலில் காயவைத்த பலகைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது பட்டறையைப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். லேசாகத்தானே, லேசாகத்தானே என்று சொல்லிக்கொண்டே பதினான்கு கதவுகளை இழைத்துவிட்டார்.

அதில் முதல் கதவு ஒரு பல் டாக்டரின் புது அறைக்குப் போனது. இருபது நாள் கழித்து, காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கதவு இறுகிவிட்டது, உள்ளே டாக்டரும் நாற்காலியில் ஒரு நோயாளியும்.

மச்சானும் ரம்பக்காரரும் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. கீல் உட்பக்கம் இருந்ததால் மாப்பிள்ளை ஏணி வைத்து ஜன்னல் வழியாக இறங்கினார். வாயில் பஞ்சோடு கிடந்த நோயாளி பாதி உதட்டால் என்னவோ திட்டினார்.

"இன்னும் பில் ஏன் குடுக்கலைன்னு கேக்குறார்" என்று சிரித்தார் டாக்டர்.

கதவின் மேல்மூலை முறுக்கிக்கொண்டு நிலைச்சட்டத்துக்குள் புதைந்திருந்தது. கீலின் திருகுகளைக் கழற்றக் கழற்ற, விளிம்பில் பலகை கறுத்திருந்த இடம் கண்ணில் பட்டது. தன் ஈரத்துணி போன தடம். கையை உயர்த்தி அந்த இடத்தைத் தொட்டார். சட்டைக் கை மேலேறியதைக் கவனிக்கவில்லை.

"மரத்தாலயா?" என்று டாக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். தன் விரல்களை நீட்டிக் காட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்தன. "எனக்கு ரப்பர் கையுறை. ஆறு வருஷம் யார்கிட்டயும் சொல்லலை."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"வேற கையுறை வாங்கினேன்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. கடைப்பலகையின் 'மட்டும்' நினைவுக்கு வந்தது.

கதவைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்ததும் மச்சான் ரம்பக்காரரோடு உள்ளே வந்தார். குனிந்து விளிம்பைத் தடவினார். நிமிர்ந்தபோது ரம்பக்காரரைப் பார்த்தார்.

"காயாத பலகையைக் குடுத்து என் மானத்தை வாங்கிட்டியே! நாளைலேர்ந்து பட்டறைப் பக்கம் வராதே."

"காஞ்ச பலகைதான் முதலாளி. என் புள்ளை மேல சத்தியமா."

மச்சான் கேட்கவில்லை. வாசலை நோக்கிக் கை காட்டிவிட்டார். ரம்பக்காரர் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் போனது.

"பலகை காஞ்சுதான் இருந்துச்சு மச்சான். நான்தான் தண்ணி தொட்டு இழைச்சேன்."

"நீங்களா? தண்ணியா? ஏன்?"

மாப்பிள்ளை பொத்தான்களைக் கழற்றி, இரண்டு கைகளையும் நீட்டினார். நோயாளிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

மச்சானின் கண் கலங்கியது. "எத்தனை கதவு?" என்றார் கடைசியில்.

"பதினாலு."

மச்சான் கிட்டே வந்தார். மாப்பிள்ளையின் சட்டைக் கைகளைத் தானே மெல்ல இழுத்துவிட்டு, குழந்தைக்குப் போடுவது போலப் பொத்தான் போட்டார்.

"பதினாலையும் திருப்பி எடுத்துப் புதுசா செய்யணும். அந்த இழையோட்டம் உங்களை விட்டா யாருக்குத் தெரியும், சொல்லுங்க? இதை மட்டும் முடிச்சிடுங்க. அப்புறம் ஒரு வழி பண்ணிடலாம். முகமூடி, கையுறை எது வேணுமோ வாங்கிக்கலாம்."

மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் மாப்பிள்ளையால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் காய்ந்த பலகை வந்தது. ரம்பக்காரரே தூக்கி வந்து வைத்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. கையுறை போட்டால் விரலுக்கு இழை தெரியவில்லை. அரைமணி நேரத்தில் மாப்பிள்ளை அதைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. தூள் எழுந்து, மெல்லிய வாசனையோடு கைமேல் இறங்கியது.

சாயங்காலம் மாடிக்கு வந்தபோது மனைவி கைகளைப் பார்த்தாள்.

"அண்ணன் என்ன சொன்னார்?"

"அப்புறம் பாக்கலாம்னார்."

"அப்புறம்னா?"

அவர் கதவைச் சாத்தினார். பத்தொன்பது வருடங்களுக்கு முன், காய்ந்த பலகையில் அவரே இழைத்த முதல் கதவு. விரலால் தொட்டதும் சத்தமில்லாமல் போய், ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் நிலைக்குள் பொருந்திக்கொண்டது.