புஷ்பம் சிஸ்டர் எழுதிய பக்கம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். புஷ்பம் சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. அப்படியே துக்க வீட்டுக்கு ஓடினேன்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே உள்ள மனநலக் காப்பகத்தில் நான் சமையல்காரன், அவர் நர்ஸ். அங்கே தங்கி வைத்தியம் பார்த்த பனவடலிசத்திரத்து அக்கா ஒருவர் மாத்திரை என்றாலே துப்பிவிடுவார். கோவில் பிரசாதமான புற்றுமண்ணை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார் என்று, நான் மாத்திரையைப் பொடித்து அதில் குழைத்துக் கொடுத்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"புத்துமண்ணு சிஸ்டர். இன்னைக்கு லேசாக் கசக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "சொல்லாமக் குடுத்தா அது வைத்தியமில்ல, ஏமாத்து. வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்னு சொன்னாகன்னு எழுதணும், டாக்டர்ட்ட சொல்லணும். வாங்க, அவுககிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கேட்டேன். "சமையலைத்தான் கெடுப்பீருன்னு நெனச்சேன், சாமியையுமா?" என்றார் அக்கா. பிறகு, அந்த மாத்திரை எதற்கு என்று சிஸ்டரிடம் விசாரித்துவிட்டு, தானே வாங்கி விழுங்கினார்.

சிஸ்டர் விடுப்பில் இருந்த ஒரு நாள், வீட்டுக்குப் போகணும் என்று அழுததற்காக அக்காவைக் கட்டிலோடு கட்டச் சொன்னார் முதலாளி. அப்படிக் கட்டச் சொல்லி டாக்டர் எழுதித் தரவில்லை. மறுநாள் காலை வந்த சிஸ்டர்தான் அவிழ்த்துவிட்டார். யார் கட்டச் சொன்னது, எவ்வளவு நேரம், மணிக்கட்டில் என்ன காயம், எல்லாம் பதிவேட்டில் எழுதினார்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரும்மா."

"நடந்ததை எழுதியிருக்கேன் சார். கிழிக்க மாட்டேன்."

முதலாளியே கிழித்தார். என் அடுப்பில்தான் போட்டு எரித்தார். தூக்க மாத்திரை திருடினார் என்று பழி சுமத்தி சிஸ்டரை வெளியே அனுப்பினார். சிஸ்டர் மேலதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். வேலைக்குப் பயந்து, நான் எதையும் பார்க்கவில்லை என்றேன்.

"ஒங்க அடுப்புல எரிஞ்சது ஒங்களுக்கே தெரியாதோ?" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. திருட்டுப் பட்டத்தோடுதான் செத்தார்.

துக்க வீட்டுக்கு முதலாளி பெரிய ரோஜா மாலையோடு வந்தார். "தங்கமான பொம்பளை" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மொதலாளி, மாலை நல்லாருக்கு. இதே மாதிரி ஒண்ணு ஒமக்கும் சொல்லி வையும். அடுத்த வாரம் சிஸ்டர் குடுத்த புகார் விசாரணையில நான் வாய் தெறக்கப்போறேன்."

"ஏலே, நீ என்னத்தப் பார்த்த?"

"தீப்பெட்டி எடுத்துக் குடுத்ததே நான்தான வே."

மாலை அவர் கையிலேயே தொங்கியது. எனக்கு மனசு குளிர்ந்தது. போதாது. காப்பகத்தின் உரிமம் போக வேண்டும். அவர் ஜெயிலில் உப்பில்லாத கஞ்சி குடிக்க வேண்டும். அந்தக் கஞ்சியை நானே காய்ச்சவும் தயார்.

சிஸ்டரைத் தூக்கும்போது அவர் கைகளைப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில் பேனா அழுத்திய தழும்பு அப்படியே இருந்தது. போய் வாருங்கள் சிஸ்டர். உங்கள் பெயரை நான் துடைத்துத் தருகிறேன்.

கிளம்பும்போது வாசலில் முதலாளியின் தோல் செருப்பு கிடந்தது. வெறுங்காலோடு போகட்டும் என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது சிஸ்டரின் கணவருடையதாம். அவர் சுடுகாட்டுக்கு வெறுங்காலோடு நடந்திருக்கிறார்.