பேண்டேஜ் துணியும் கலர் பாட்டிலும்

கண்ணாடி பாட்டிலை வீடியோ எடுக்கிறது லேசுன்னு நெனைக்கிறவுக ஒரு நாள் எடுத்துப் பாக்கணும். மனுசனை எடுக்கலாம், மாட்டை எடுக்கலாம், ஆடிப்பூரத் தேரையே எடுக்கலாம். லைட்டைப் போட்டா தெரிஞ்சுட்டுப் போகுது. பாட்டில் அப்படி இல்ல. நேரா லைட்டைப் போட்டா லைட்டுதான் தெரியும், பாட்டில் காணாமப் போயிரும். ஜன்னல் தெரியும், கதவு தெரியும், கேமராவும் அதுக்குப் பின்னாடி நிக்கிற நம்ம மூஞ்சியும் தெரியும். ஒரு ஆரஞ்சு பாட்டிலோட வயித்துல என் மூஞ்சி பூசணிக்கா கணக்கா வீங்கி நிக்கிறதப் பாத்த அன்னைக்குத்தான், சரியான வில்லங்கத்துல கைய வச்சிட்டோம்னு எனக்குப் புரிஞ்சுது.

எங்க பக்கம் கலர்னா குடிக்கிற கலர்தான். ஆரஞ்சு, பன்னீர், லெமன், கிரேப்புன்னு ஊருக்கு ஒரு கம்பெனி இருந்துச்சு. விருந்தாளி வந்தா கலர் வாங்கிட்டு வரச் சொல்லி ஆளனுப்புற காலம். தொண்ணூறுகள்ல கேபிள் டிவி வந்த பொறவு, சாயங்காலம் கேபிள்காரன் போடுற படத்துக்கு நடுவுல உள்ளூர்க் கடை விளம்பரம் வர ஆரம்பிச்சுது. அதுல பாட்டில் வந்தா, பெரும்பாலும் ராஜபாளையத்துல நான் எடுத்ததாத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லல. வேற வேலைய எனக்கு யாரும் குடுக்கல, அம்புட்டுத்தான்.

ஸ்டுடியோ எங்க வீட்டுக்காரரு வச்சது. எண்பதுகள்ல போட்டோ மட்டும் எடுத்தாரு. பொறவு வீடியோ கேமரா வாங்குனாரு. கல்யாண வீடுகளுக்கு அவரு கேமராவோட முன்னால போவாரு, நான் ஹாலஜன் லைட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போவேன். மணவறைக்கு எதுக்க அவரு மண்டி போட்டு நிப்பாரு, நான் அவரு தோளுக்கு மேல லைட்டைப் பிடிப்பேன். பொண்ணு வீட்டுக்காரவுக எனக்கும் பூ குடுப்பாக, சந்தனம் குடுப்பாக, "சாப்பிட்டுட்டுப் போம்மா"ன்னு கையப் பிடிச்சு பந்திக்கு இழுப்பாக. சுந்தரபாண்டியம், கூமாப்பட்டின்னு சுத்துப்பட்டுல நாங்க லைட்டு கட்டாத கல்யாணம் கொஞ்சம்தான்.

அவரு காமாலையில போயிட்டாரு. வைத்தியம் பாத்தோம், பத்தியம் இருந்தாரு, ஒண்ணும் கேக்கல. காரியமெல்லாம் முடிஞ்சு, கேமராவை நான் கையில எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான். மொத வந்த கல்யாண ஆர்டரு நாலாம் நாளே திரும்பிப் போச்சு. "பொம்பளப்பிள்ள அம்புட்டுப் பெரிய கேமராவைத் தூக்குறது செரமம்லா"ன்னு இழுத்தாக. செரமமாம்! அத்தனை வருசம் லைட்டைத் தூக்குனப்ப யாருக்கும் அந்தச் செரமம் தெரியல. தாலி கட்டும்போது எதுக்க நிக்கக்கூடாத ஆளு நான். கேமரா பிடிக்கிறவ எதுக்க நிக்காம வேற எங்க நிக்கிறது? சடங்கு, வளைகாப்பு, புதுவீடு பால் காச்சுறது எல்லாத்துக்கும் அதே கததான். கடைசியில மிஞ்சுனது பாட்டிலு. பாட்டிலுக்குச் சகுனம் கிடையாதுல்ல.

அவரு போட்டோ கழுவுன ரூம்பு பின்னால சும்மா கெடந்துச்சு. செவுரெல்லாம் ஏற்கெனவே கருப்பு. அங்கனதான் கத்துக்கிட்டேன். சொல்லிக் குடுக்க ஆளில்ல, கெடுத்துக் கெடுத்துத்தான் கத்துக்கிட்டேன். லைட்டைப் பாட்டிலுக்குப் பின்னால கொண்டு போகணும். அதுக்கு முன்னால ஒரு வெள்ளைத் துணி தொங்கணும். எங்க தெருவுல பாதி வீட்டுல ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணியச் சுருட்டுற வேலை நடந்துச்சு. அதுல ஒரு பீஸ் வாங்கி ரெண்டு மடிப்பா கட்டுனேன் பாருங்க, முரட்டு வெளிச்சம் பால் மாதிரி ஆயிருச்சு. பாட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு அட்டை நிறுத்துனா ஓரம் கோடு போட்டாப்புல எடுப்பா நிக்கும். மெடிக்கல்ல கிளிசரின் வாங்கித் தண்ணியில கலந்து, சலூன்கடை ஸ்பிரேயில அடிச்சா ஐஸ்ல இருந்து எடுத்த மாதிரி வேர்வை முத்து முத்தா நிக்கும். கேஸ் போன கலர்ல ஒரு கல் உப்பப் போட்டா நுரை ஏறும்.

கடைசியா, எடுக்கிற ஆளு தெரியக்கூடாது. அதுக்கு அவரோட பழைய கருப்புச் சட்டைய சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு, கருப்புத் துணிய முன்னால தொங்கவிட்டு, அதுல ஒரு ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் நீட்டுவேன். காலையில கதவைச் சாத்துனா சாயங்காலம் வரைக்கும் நானும் பாட்டிலும்தான். சில நாள் பேச்சே இருக்காது. "செத்த திரும்புடி"ன்னு பாட்டில்கிட்ட பேசுவேன். என்ன தனிமைங்கிறீக! ரோட்டுல கல்யாண வீட்டு மேளச் சத்தம் கேட்டா எந்தப் பக்கம் போகுது, யாரு வீடுன்னு மனசு பின்னாலயே ஓடும். பொறவு கோவமா வரும். கோவத்துல பாட்டிலத் தொடைப்பேன், பளபளன்னு ஆயிரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு கலர் கம்பெனிக்காரரு வந்தாரு. நாலு கலருக்கும் விளம்பரம் வேணும்னாரு. பாட்டில்கள ஒரு தடவ வந்து எறக்கிட்டுப் போனாரு, மித்ததுக்கெல்லாம் தங்கச்சிய அனுப்புனாரு. அவளுக்கு இருபத்தெட்டு வயசிருக்கும். செவ்வாய் தோசம்னு கல்யாணம் தள்ளிக்கிட்டே போயிருந்துச்சு. கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் அவதான். டவுன் பஸ்ஸுல வந்து எறங்குவா, வந்த ஒடனே "அக்கா, பசிக்குது"ம்பா. அந்த ஸ்டுடியோவுக்குள்ள வந்து பசிக்குதுன்னு சொன்ன ஒரே ஆளு அவதான்.

கிளாசுல கலர் ஊத்துறதுக்கு ஒரு கை வேணும். அவ கையத்தான் வச்சு எடுத்தேன். வளையல் மினுங்கி பாட்டில்ல விழும்னு கழட்டச் சொல்லிருவேன். நடுங்காம ஊத்தத் தெரிஞ்ச கை. கிரேப் பாட்டிலுதான் எங்க ரெண்டு பேரையும் பாடாப் படுத்துச்சு. டிவியில பாத்தா தார் டின் கணக்கா ஒரே கருப்பு. தண்ணி கலந்து எடுப்போம்னு நான் சொன்னேன், அவ ஒத்துக்கல. அப்புறம் சிகரெட் பாக்கெட்டு வெள்ளித்தாள அட்டையில ஒட்டி, பாட்டில் வடிவத்துக்கே வெட்டி, பின்னால ஒளிச்சு நிறுத்துனோம். அதுல பட்ட வெளிச்சம் கலருக்குள்ள பாஞ்சு, உள்ளுக்குள்ள விளக்கேத்துன மாதிரி செவந்துச்சு. ரெண்டு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னோம். லைட்டுச் சூட்டுல அந்த பாட்டிலு டப்புன்னு வெடிச்சு எங்க ரெண்டு பேரு மேலயும் கிரேப் கலரு. சிரிச்சோம், சிரிச்சோம், வயிறு வலிக்கிற மட்டும் சிரிச்சோம். அவரு போன பொறவு நான் அப்படிச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

அன்னைக்கு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே அவ சொன்னா: "எனக்கு ஒரு கல்யாணம்னு நடந்தா நீங்கதான்க்கா வீடியோ எடுக்கணும். இந்த பாட்டிலுக்குக் கட்டுற மாதிரியே எனக்கும் லைட்டுக் கட்டணும்." ஏட்டி, மொத மாப்பிள்ளையப் பாருன்னு வாயடிச்சேன். ஆனா அந்த வார்த்தை எனக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. திரும்ப ஒரு மணவறைக்கு எதுக்க நிக்கணும், கேமரா வழியா ஒரு பொண்ணோட மொகத்தைப் பாக்கணும், அதுவும் இவ மொகத்தைப் பாக்கணும்னு ஆசை வந்துருச்சு. ஆசைன்னா சாதாரண ஆசை இல்ல, பேயாசை.

அடுத்த தை மாசம் வரன் அமைஞ்சுது, கோயம்புத்தூர் மாப்பிள்ளை. அவளே வந்து சொல்லிட்டுப் போனா. வீடியோ விசயத்த வீட்டுல பேசிக்கிறேன்க்கான்னு சொன்னா. நான் புதுசா பேண்டேஜ் துணி வாங்கித் தொவச்சு, கஞ்சி போடாமக் காயவச்சேன். மாசக் கடைசியில அவ அண்ணன் வந்தாரு. அழைப்பிதழை வச்சாரு, தட்டுல வச்சு இல்ல, மேசை மேல வச்சாரு. எனக்குப் பாதி அப்பயே வெளங்கிருச்சு.

வீடியோவுக்கு மதுரையில இருந்து ஆளு வாரானாம். அவன்கிட்ட நல்ல லைட்டு இல்லையாம். தங்கச்சி என் லைட்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாளாம். அதனால லைட்டையும் அந்தத் துணியையும் மட்டும் குடுத்தா நல்லா இருக்கும்னாரு. தலையத் தூக்காமத்தான் சொன்னாரு.

"அவரு வாங்குன லைட்டு வரலாம். அவரு கட்டுன பொஞ்சாதி வரக்கூடாதாக்கும்?" அப்படின்னு கேட்டேன்.

அதுக்கு அவரு, "தங்கச்சி மூணு நாளா அம்மாகிட்ட மல்லுக்கட்டிட்டா. அம்மா அசையல. எங்கப்பா போன பொறவு அம்மாவே எந்த மணவறைப் பக்கமும் போறதில்ல. பெத்த மக கல்யாணத்துலயே தூணுக்குப் பின்னாடிதான் நிக்கப் போறாக. நான் என்னத்தச் சொல்ல?"ன்னாரு.

எனக்கு அந்தம்மா மேல அப்படி ஒரு ஆத்திரம். தான் தூணுக்குப் பின்னால நின்னா, அடுத்தவளும் நிக்கணுமா? வயித்தெரிச்சல் பிடிச்ச பொம்பளன்னு மனசுக்குள்ள என்னென்னமோ வஞ்சேன். லைட்டைக் குடுத்தேன், அவளுக்காகக் குடுத்தேன். துணியக் குடுக்கல. தொவச்ச துணி கிழிஞ்சு போச்சுன்னு கூசாமப் பொய் சொன்னேன்.

கல்யாணத்தன்னைக்கு ஸ்டுடியோவத் தொறந்தேன். தொறந்து என்ன செய்ய, லைட்டு இல்லையே. முகூர்த்த நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அந்தக் கருப்பு ரூம்புல போய் ஸ்டூல்ல உக்காந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன், கேக்கத்தான் ஆளில்லையே. மூக்கச் சிந்திட்டு வெளிய வந்தா மணி பத்து. அந்த நாளு அதுக்கு மேல நகரவே மாட்டேன்னுருச்சு.

அவ கோயம்புத்தூர் போயிட்டா, லைட்டு மட்டும் திரும்பி வந்துச்சு. வெயில் காலம் வந்ததும் கம்பெனிக்காரரு புது விளம்பரம் கேட்டு ஆள்கிட்ட பாட்டில் குடுத்துவிட்டாரு. ஊத்த கை இல்ல. தெருவுல ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டுப் பாத்தேன். ஒருத்திக்கு நடுக்கம், ஒருத்திக்கு வெக்கம். சரிதான் போன்னு கேமராவ ஸ்டாண்டுல நிறுத்தி ஓட விட்டுட்டு, கருப்புத் துணியச் சுத்திக்கிட்டு முன்னால போயி என் கையாலயே ஊத்துனேன். மணிக்கட்டு வரைக்கும்தான் தெரியும். கழட்டறதுக்கு வளையலும் இல்ல. கேசட்டைப் போட்டுப் பாத்தேன். பேண்டேஜ் துணி வெளிச்சத்துல என் கை எனக்கே அழகாத் தெரிஞ்சுது. யாரும் ஒண்ணும் கேக்கல, விளம்பரம் ஓடுச்சு.

ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்தவ, மறுநாளே பஸ்ஸேறி என்னைப் பாக்க வந்துட்டா. கொஞ்சம் சதை போட்டுருந்தா. கல்யாண கேசட்டுல அவ மொகம் சுண்ணாம்படிச்ச செவுரு மாதிரி இருக்குன்னு பொலம்புனா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன். பொறவு அவ என் கையப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டா.

"நேத்து டிவியில கலர் விளம்பரம் வந்துச்சுக்கா. எங்கம்மா பாத்துக்கிட்டே இருந்தாக. என்ன லச்சணமான கை, எந்த மகராசி கையோன்னாக. அது ராஜபாளையத்து அக்கா கைன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"எந்திரிச்சுப் போயி டிவிய அமத்திட்டாக."

நான் கைய இழுத்துக்கிட்டேன். அம்புட்டு வருசத்துல கல்யாண வீட்டுக்காரவுக எத்தனையோ பேரு என்னைத் திருப்பி அனுப்பிருக்காக, ஒண்ணும் இப்படி வலிச்சதில்ல. அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. இன்னும் சொல்லி முடிக்கல போல.

"படம் பாதியில நின்னுச்சுல்ல, செத்த நேரங்கழிச்சு அவுகளே போட்டாக. அந்த விளம்பரம் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவ அமத்தல. டிவியவும் பாக்கல. சேலைக்குள்ள இருந்து அவுக கைய வெளிய எடுத்து, திருப்பித் திருப்பி அதப் பாத்துக்கிட்டே இருந்தாக."

அவளுக்கு டீ போடணும்னு எந்திரிச்சேன். அடுப்புக்கிட்ட போயும் பத்த வைக்காம நின்னுட்டேன். அம்புட்டு நாளா அந்தம்மா மேல வச்சிருந்த கோவத்த இனிமே யாரு மேல வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.