கோழை என்று சொன்ன குற்றம்

வெர்லீன் டக்கில் என்பவள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருமுறை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு வீட்டுத் தபால் பெட்டியை இடித்துவிட்டாள். "வேணும்னு செய்யலையே" என்று சொல்லிப் பார்த்தாள். மூன்று நாள் சஸ்பெண்ட். அவள் மனத்தைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. தபால் பெட்டிக்கு அவ்வளவு மதிப்பு.

அவள் தம்பி ஒடெல் தபால் பெட்டி அல்ல. ஆகவே அவன் விஷயத்தில் சட்டம் நிதானம் காட்டியது. வீட்டு வாசலில், அக்காள் கண்ணெதிரே, கைப்பேசியை உயர்த்தியவனை ஊர்ப் போலீஸ்காரன் ஒருவன் மூன்று தோட்டாக்களால் சாய்த்தான். மாநில அரசு வழக்கே வேண்டாம் என்றது. மிச்சமிருந்தது மத்திய அரசு. அது இரண்டரை வருடம் யோசித்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீலை வீட்டுக்கே அனுப்பியது. வெர்லீன் வெண்ணெய் கேக் செய்து வைத்தாள்.

"கேக் எதுக்கு, மிஸ் வெர்லீன்?" என்றார் பக்கத்து வீட்டு நாவிதர் ரோஸ்கோ. "நல்ல சேதின்னா போன்லயே சொல்லுவானுங்க. கெட்டதுக்குத்தான் கோட்டு மாட்டிக்கிட்டு வருவானுங்க."

"வாயை மூடிக்கிட்டுத் தட்டை எடுங்க."

வக்கீல் விட்கோம் இளைஞர். கோப்பு ஒன்றைத் திறந்தார்.

"மேடம், அவர் சுட்டது தப்புன்னு எங்களுக்கும் தோணுது. ஆனா அது போதாது. தப்புன்னு தெரிஞ்சே, வேணும்னே சுட்டார்னு நிரூபிக்கணும். பயந்துட்டார், பதறிட்டார்னா அது குற்றமாகாது. ஜூரி பன்னிரண்டு பேருக்கும் நியாயமான சந்தேகம் துளிகூட இருக்கக் கூடாது."

"அவன் மனசுக்குள்ள நான் எப்படிப் போறது?"

"எங்களாலயும் போக முடியல, மேடம்."

"ஒடெல் மனசுக்குள்ள மட்டும் சுளுவாப் போயிட்டாங்களே," என்றார் ரோஸ்கோ. "துப்பாக்கியை எடுக்கத்தான் நினைச்சான்னு அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டாங்க."

விட்கோம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நேர்ல பார்த்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க விசாரணையில சொன்னது: 'அந்தப் பய கோழை. துப்பாக்கி பிடிச்ச கை வெடவெடன்னு நடுங்குச்சு. என் தம்பியைப் பார்த்துப் பாதி உசுரு போயிடுச்சு அவனுக்கு.'"

அந்தத் தெருவில் ஒரு ஆணைக் கோழை என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. விசாரிக்க வந்தவர்களிடம் வெர்லீன் அதை மூன்று தடவை சொல்லியிருந்தாள், ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்களா என்று எட்டிப் பார்த்தபடி. அவனை ஆணியடித்து மாட்டியதாகத்தான் நினைத்தாள்.

"கை நடுங்கினது நிஜமா, மேடம்?"

ரோஸ்கோ அவளையே பார்த்தார். ஒரே ஒரு சின்னப் பொய் போதும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"நிஜம்தான்," என்றாள் வெர்லீன். "கோர்ட்டுல பைபிள் மேல கை வச்சுட்டு வேற என்னத்தைச் சொல்ல?"

"அதனாலதான் மேடம், கோப்பை மூடுறோம்."

 வெர்லீன் எழுந்து கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வெள்ளித்தாளில் சுற்றினாள். அந்த வீட்டிலிருந்து தின்பண்டப் பொட்டலம் இல்லாமல் யாரும் போனதில்லை. அன்று ஒடெல்லைத் தூக்கிப்போக வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் மட்டும் விதிவிலக்கு.

"மன்னிக்கணும் மேடம், நாங்க எதையும் வாங்கக் கூடாது. விதி இருக்கு."

வெர்லீன் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள்.

"தெரியும். தப்புன்னு தெரிஞ்சே, வேணும்னேதான் குடுக்கறேன். என் கையைப் பாருங்க, நடுங்குதா?"

நடுங்கவில்லை. விட்கோம் பொட்டலத்தை வாசல் படியில், ஒடெல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், மரியாதையாக வைத்துவிட்டுக் காரேறினார்.