மணி அடித்தும் கை அசையாத மச்சான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்தேன். சிலுவை அடையாளத்தை வீடியோ கேமோடு சேர்த்துப் பேசினால் பாவமோ என்று பயம். போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களைச் சொல்லி முடித்ததும், பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் இருமிவிட்டு, எழுதுங்கள் என்றார்.

எங்கள் ராயபுரம் வீட்டில் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு கேம் வைத்திருக்கிறான். பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக ஓட வேண்டும், நடுநடுவே சின்னச் சின்னப் போட்டி. அதில் புதுப் பாகம் வந்துகொண்டே இருக்கும், அவனும் வாங்கிக்கொண்டே இருப்பான். "இன்னாடா புதுசு? தொப்பி கலரை மாத்திக்கீறான், அவ்ளோதான்" என்பாள் மனைவி. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஜெபமாலை உருட்டி தினமும் அதே ஐம்பத்துமூன்று மணி ஜெபம்தான் சொல்கிறோம், சலித்தா போய்விட்டது?

எனக்குச் சலித்தது வேறொன்று. ஆட்டத்தில் கடைசியாக வருகிறவர்தான் வீடு வீடாகப் பாடிப் போகும் தெரு கேரல் ரவுண்ட்ஸில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட வேண்டும். தொடர்ந்து ஐந்து வருடம் நான்தான். வயிற்றில் கட்டிய தலையணையை ஒரு நாய் பிடித்து இழுத்த அன்றே, அடுத்த வருடம் காப்பாற்றும்படி அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அடுத்த டிசம்பர், ஞாயிறு பூசை முடிந்து புதுப் பாகத்தை ஆடினோம். மனைவியும் மகளும் முதலிலேயே தப்பிவிட்டார்கள். எனக்கும் மச்சானுக்கும் கடைசிப் போட்டி. ரிமோட் அசையாமல் இருந்தால் பொம்மை கயிற்றின் மேல் நிற்கும், அசைந்தால் கடலில் விழும். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கை கல் மாதிரி. ஆனால் குழம்பு தாளித்த நெடியில் அவனுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. அந்தோனியார் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

அப்போது கோயிலில் பன்னிரண்டு மணி மூவேளை ஜெபத்துக்கு மணி அடித்தது. என் கை ரிமோட்டோடு தானாகச் சிலுவை போட நெற்றிக்குப் போனது. "பிதா, சுதன்" என்பதற்குள் என் பொம்மை கடலில். அவன் தும்மலையும் விழுங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா காலி" என்றான்.

கரண்டியோடு வந்து நின்ற மனைவி டிவியைப் பார்க்கவில்லை, தம்பியின் கையைத்தான் பார்த்தாள்.

"மணி அடிச்சது காதுல வுழல?"

"வுழுந்துச்சிக்கா. கேம் நடந்துகினு கீதே."

"மாதா மணி அடிச்சா இவருக்குக் கேம் நடந்துகினு கீதாம். எட்றா அந்தத் தாடிய."

அவன் விதிமுறையெல்லாம் பேசிப் பார்த்தான். மகள் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து விழுந்தாள். சாயங்காலம் அவன்தான் தாத்தா. அதே தலையணை, அதே நாய். நான் பின்னால் டிரம் அடித்துக்கொண்டு போனேன்.

இந்த வருடமும் புதுப் பாகம் வந்திருக்கிறது. இன்னுமா இதில் ருசி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு நெருங்கினால் மச்சான் ரிமோட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையைக் காலியாக வைத்துக்கொள்கிறான். எனக்கு அதைப் பார்ப்பதே புதுசாகத்தான் இருக்கிறது.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். நாய் ஒன்றுதான், அதை இரண்டாக்க வேண்டாம். அது யாரையும் கடிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றதும் நான்தான்.