முகத்துக்கு நேரே ஊதியவர்

செல்லையா போய்விட்டார் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் போனில் சொன்ன காலையில், குற்றாலத்தில் சாரல் தொடங்கி நான்கு நாளாகியிருந்தது. தென்காசிக்குப் போய் மாலை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "குடிச்ச உடம்பு, எத்தனை நாளைக்குத் தாங்கும்?" பாதி டீயோடு எழுந்துவிட்டேன். அவரைத் தெரிந்த எல்லாருக்கும் உரக்கச் சொல்கிறேன்: செல்லையா ஒரு சொட்டுகூடக் குடித்தவரில்லை.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான். எங்கள் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட வருகிற ஆட்கள், எண்ணெய்க் கிண்ணத்தை வாங்குமுன் மேனேஜரான என் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். சீசனில் அது என் சட்டம். அந்த ஆட்களில் ஒருவரான செல்லையாவின் முகமும் கழுத்தும் திடீரென்று சிவக்கும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஒருநாள் ஊதச் சொன்னேன். வாசம் இல்லை. ஊதவே அவருக்கு மூச்சு போதவில்லை. "வாசமில்லாத சரக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"குடிக்கலைன்னு சொல்லுதேன்லா அண்ணாச்சி. நம்ப மாட்டேங்கியளே."

நம்பவில்லை. வேலைக்கு வர வேண்டாம் என்றேன். மூக்கு சொன்னதைத் தள்ளிவிட்டுக் கண் சொன்னதைக் கேட்ட மடையன் நான்.

கால் வீங்கி, பத்தடி நடந்தாலே மூச்சு இளைத்த பிறகுதான் அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பேச்சியம்மாள் கேட்டதால் துணைக்கு நானும் போனேன். குடலில் பிறந்த கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார் டாக்டர். அது சுரக்கும் நீர் ரத்தத்தில் கலப்பதால்தான் முகம் சிவக்கிறது. அதே நீர்தான் இதயத்தின் வலப்பக்க வால்வையும் விறைக்க வைத்துவிட்டது. நெஞ்சைத் திறந்தால் தாங்க மாட்டார். தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம். ஆனால் கட்டி அப்படியேதான் இருக்கும். எனக்குத் தலை நிமிரவில்லை.

"சாகப்போற உடம்புக்குப் புது வால்வு எதுக்கு?" என்றார் செல்லையாவின் மைத்துனர்.

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "கட்டி கொல்லுதப்போ கொல்லட்டும் மச்சான். அதுவரைக்கும் நான் மூச்சு விடணும்லா?"

வால்வு வைத்தார்கள். கட்டி சுரப்பதை அடக்க மாதாமாதம் ஊசியும் போட்டுக்கொண்டார். அடுத்த சாரலுக்கு ஒருநாள் லாட்ஜில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது நேரே உள்ளே வந்தார். ஊதிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. என் முகத்தருகே குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினார். சுக்குக் காப்பி வாசம். என் கண்ணாடி முழுக்க மங்கிவிட்டது.

"நல்லா மோந்து பாருங்க அண்ணாச்சி."

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினேன். "வேலைக்கு நாளைக்கு வாரேன். இன்னைக்கு ஊதத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஐந்தருவிக்கு நடந்தே போனார். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு சீசன் வேலை செய்தார். எண்ணெய் தேய்க்கும்போது முகம் சிவந்தால், "பயப்படாதிய, இது கட்டி பண்ணுத குசும்பு" என்று வந்தவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். கடைசியில் ஈரல்தான் அவரைக் கைவிட்டது. வால்வு கைவிடவில்லை.

ஊதச் சொல்லும் சட்டத்தை அவர் வந்து ஊதிய அன்றைக்கே எடுத்துவிட்டேன். இனி செல்லையா குடித்துச் செத்தார் என்று சொல்ல நினைப்பவர்கள் லாட்ஜுக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அவர் மூச்சு பட்ட முகம் இது.